வழுக்குப்பாறைக்கு நாலு டயர்

புது டயரில் மேடு மேடாக இருந்த பட்டன்களுக்கு நடுவில் கட்டைவிரல் நகத்தை இறக்கிப் பார்த்தான் மொக்கராசு. இறங்கின மாதிரியும் இருந்தது, இறங்காத மாதிரியும் இருந்தது. பக்கத்தில் சாத்தியிருந்த இன்னொன்றில் இறக்கினான். நகம்தான் வலித்தது. "அமுக்கிப் பாத்து வாங்க இதென்ன மாப்ள, கத்தரிக்காயா?" என்று கடைக்குள்ளிருந்து சிக்கந்தர் சிரித்தார். அவருக்கென்ன, சிரிப்பார். போடியில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, மலைக்குப் போகிற ரோடு திரும்பும் இடத்தில் ரெண்டு பக்கமும் டயராக அடுக்கி, நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற மனுசன். டயர் விற்றால் போதும். அது எந்தப் பாறையில் வழுக்குகிறது, யாருடைய கை எதைப் பிடித்து இழுக்கிறது என்பதெல்லாம் அவர் பாடா? மொக்கராசு இடுப்பில் கையை ஊன்றி எழுந்து வாசலில் நின்ற தன் ஜீப்பைப் பார்த்தான். பச்சை பெயிண்ட் வெளுத்துப்போன பழைய ஃபோர் வீல் ஜீப். கதவு கிடையாது, மேலே தார்ப்பாய். முன்சீட்டில் பையை மடியில் இறுக்கிக்கொண்டு அவன் பெண்டாட்டி தவமணி உட்கார்ந்திருந்தாள். இறங்கி வந்து காற்றாட உட்கார் என்று சொல்லியாகிவிட்டது, மாட்டேன் என்றுவிட்டாள். நான் எதை வாங்குகிறேன், எதைத் தொடுகிறேன் என்று அங்கிருந்தே கண்காணிக்கிறாள் போல. என் கையைத்தான் பார்க்கிறாள். அந்த நினைப்பு வந்ததும் கையைச் சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்ட பிறகு தன் மேலேயே எரிச்சல் வந்தது. பிடிபட்ட திருடனா நான், கையைக் கட்டிக்கொண்டு நிற்க?

டயர் வாங்குவதில் என்ன இருக்கிறது, நாலு டயர், மாட்டினால் ஓடப்போகிறது. ஆனால் வாங்கிவிட்டால் அப்புறம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது, அதுதான் விசயம். போன ஐப்பசி மழையிலிருந்து இன்று வரை மலைமேல் அவன் ஊரான நெல்லிமேட்டில் அத்தனை பேரும் சொல்வது ஒரே பேச்சு, டயர் வழுக்கிருச்சு. மொட்டை டயர், பாவம் மொக்கராசு என்ன பண்ணுவான். அவனும் தலையை ஆட்டினான். ஒரு தடவை ஆட்டின தலை, அதற்குப் பிறகு யார் பேச்சை எடுத்தாலும் தானாக ஆடியது. புது டயரை மாட்டி, அதற்கப்புறமும் ஊருக்கு ஏறும் வழியில் அந்த வழுக்குப்பாறையில் வண்டி பின்னால் போனால்? ஐயா, எதைச் சொல்வது? அப்போது மிச்சம் இருப்பது இந்தக் கை ஒன்றுதான். கேட்காமல் கொள்ளாமல் தானாக வேலை செய்கிற கை. அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு ஊர்ப் பொம்பளைகளை ஏற்றிப் போகிறவன் மனுசனா? தேவாரம் ஊர்க்காரர் ஒருத்தர் வண்டியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப் போட்டோ எடுக்க விடுவாராம், சீட்டுக்குப் பூப்போட்ட உறை போடுவாராம். கொடுத்துவிடலாம். இன்று டயர் வாங்காமல் வீடு திரும்பினால் வண்டியைக் கொடுத்துவிடுவது என்று விடியும்போதே மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினான். கொடுத்துவிட்டால் நெல்லிமேட்டுக்கு வேறு வண்டி இல்லை. ரேசன் அரிசி தலைச்சுமை, ஏலக்காய் மூட்டை தலைச்சுமை, பிரசவத்துக்குப் போகிறவளைக் கட்டிலோடு தூக்க வேண்டியதுதான். அதையும் நினைத்தான். நினைத்துவிட்டு மறுபடி குத்தவைத்து அதே டயரின் பட்டனை நகத்தால் கீறினான்.

புது ரப்பர் வாசம் மூக்கில் ஏறியது. அவனுக்குப் பிடித்த வாசம், முன்பெல்லாம். இப்போது ரப்பர் என்றாலே மழை வாசம் வருகிறது, நாவல் இலை நசுங்கின வாசம் வருகிறது. போன ஐப்பசியில் அன்றைக்குச் சந்தை முடிந்து மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். பின்னால் பொம்பளைகள், காய்கறிப் பை, ஒரு கோழி. முன்னால் தவமணி. வழுக்குப்பாறை வந்ததும் வழக்கம்போல் செருப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். மலையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான், கஷ்டமான ஏற்றத்தில் வெறுங்கால் வேண்டும், பெடல் காலோடு பேச வேண்டும். அந்தப் பாறை ஒரு பெரிய தகடு, எந்நேரமும் ஊற்று கசிந்து பாசி பிடித்திருக்கும், வலது பக்கம் மலை, இடது பக்கம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமே இல்லை. அதில் ஏறும்போது வண்டி நின்றுபோனால் பிரேக்கைத் தொடக்கூடாது. கால் பிரேக்கும் கூடாது, கை பிரேக்கும் கூடாது. ரிவர்ஸ் கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டால் இன்ஜினே பிடித்துக்கொண்டு நேராகப் பின்னால் இறக்கிவிடும். பிரேக் போட்டால் சக்கரம் உருளாது, சறுக்கும். எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம் போகும். இது தெரியாத டிரைவர் மலையில் இல்லை. மொக்கராசுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். சக்கரம் வெறுமனே சுற்றியது, இன்ஜின் இருமி நின்றது, வண்டி பின்னால் நகர்ந்தது, ரிவர்ஸ் போட்டான். போட்டது ஞாபகம் இருக்கிறது. கியர் கம்பி நடுங்கினது இடது உள்ளங்கையில் இப்போதுகூட இருக்கிறது. நேராகத்தான் இறங்கியது, ரெண்டு மூச்சுக்கு. அப்புறம் ஒரு வெட்டு. வண்டியின் பின்பக்கம் இடதாகத் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்துச் சறுக்கியது, பின்னால் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள், கோழிகூடக் கத்தியது, டொம்மென்று நாவல் மரத்தில் இடித்து நின்றது. மரம் இல்லையென்றால் கதை வேறு. யாருக்கும் ஒன்றும் இல்லை, பின்னால் இருந்த வெள்ளத்தாய்க்கு மட்டும் ஒரு பல் போனது. "ஆடிக்கிட்டிருந்த பல்லுதான், விடப்பா, பிடுங்குற செலவு மிச்சம்" என்றாள் அவள், ரத்தத்தைத் துப்பிவிட்டு. மகராசி.

எல்லோரும் இறங்கி மரத்தடியில் நின்று குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவன் அதைப் பார்த்தான். டேஷ்போர்டுக்கு அடியில், ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், குடைப்பிடி மாதிரி ஒரு கைப்பிடி இருக்கும், வெளியே இழுத்தால் ஹேண்ட் பிரேக். அது கடைசி வரைக்கும் வெளியே வந்து நின்றது. கம்பி முழுசும் தெரிந்தது. யாரும் பார்ப்பதற்குள் உள்ளே தள்ளிவிட்டான். டயர் வழுக்கிருச்சு என்று முதலில் சொன்னது யார் என்றுகூட ஞாபகமில்லை. தலை ஆடியது. ஆக, இழுத்தது நாம்தான். பயத்தில் இழுத்திருக்கிறோம். இத்தனை வருசம் ஓட்டி, மற்றவனுக்கெல்லாம் தொடாதே தொடாதே என்று சொல்லிவிட்டு, நாமே இழுத்திருக்கிறோம். சரி, இழுத்தோம், தப்புதான், மனுசன் பயப்படத்தானே செய்வான். ஆனால் ஞாபகம் இல்லையே. அதுதான் இடிக்கிறது. வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது. இடது கை கியர் கம்பியில் இருந்தது. அது நடுங்கினது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. அப்படியென்றால் பிரேக்கை இழுத்தது எந்தக் கை? மூன்றாவது கையா முளைத்தது? இடதுதான் போயிருக்க வேண்டும். கியரை விட்டு, பிரேக்கை இழுத்துவிட்டு, மறுபடி கியருக்கு வந்திருக்க வேண்டும், அவனைக் கேட்காமலே. குளிக்கும்போது, சாப்பிட உட்காரும்போது, படுத்துப் போர்வையை இழுக்கும்போது இந்தக் கணக்கு ஓடும். வலது ஸ்டியரிங், இடது கியர், பிரேக்கை இழுத்தது எது. எத்தனை தரம் போட்டாலும் ஒரு கை குறைகிறது. அந்த இடது கையை இப்போது விரித்துப் பார்த்தான். கரும்பொடி ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்தான்.

"மாப்ள, தூங்கிட்டியா?" சிக்கந்தர் வந்து பக்கத்தில் நின்றார். எந்தச் சொந்தமும் இல்லை. என்றோ ஒருநாள் தவமணியைத் தங்கச்சி என்று கூப்பிட்டார், அதிலிருந்து இவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான், இவனுக்கு அவர் மச்சான். "நல்லாக் கேட்டுக்க. இந்தா இது ரோட்டு டயர், வழுவழுன்னு ஓடும், ஒனக்கு ஆகாது. அந்தா அது முழுக்காட்டு டயரு, பட்டன் ஒவ்வொண்ணும் எம்மாம்பெருசு பாத்தியா? சேத்துல போட்டா நோண்டி எடுத்துக்கிட்டுப் போகும். ஆனா ஈரப் பாறையில அதுக்கு வேலை கிடையாது. நோண்ட மண்ணு வேணும்ல? பட்டனுக்குப் பட்டன் எடைவெளி, பாறையைத் தொடுற ரப்பரு கொஞ்சம். இது இருக்கு பாரு, நடுவுல, ரோட்டுக்கும் காட்டுக்கும் சேத்துப் போட்டது, ஆல் டெரைன்ங்கிறான். பட்டன் நெருக்கம், பட்டன் மேலயே பொடிப்பொடியாக் கீறல் போட்டிருக்கான். ரப்பரும் மெதுவு. ஈரப் பாறையக் கவ்விப் பிடிக்கும். போடியிலேர்ந்து தார் ரோடு, மேல பாறை, நடுவுல கொஞ்சம் சேறு. ஒம் பாதைக்கு இதுதான். நாலும் ஒரே மாதிரி போடு, பின்னாடிக்கு மட்டும் போதும்னு கஞ்சத்தனம் பண்ணாத." மொக்கராசு கேட்டுக்கொண்டுதான் இருந்தான். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. கவ்விப் பிடிக்கும். கவ்விப் பிடிக்கிற டயரைப் போட்டால் அப்புறம் கை மட்டும்தான் பாக்கி. "பட்டன் சின்னதா இருக்கே மச்சான்" என்றான். பட்டனில் ஒன்றும் இல்லை என்று அவனுக்கே தெரியும். "ஓரச் சுவரு மெலிசா இருக்கோ" என்றான். "இந்த வருசத்துச் சரக்குதானா" என்றான். "பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்கூட இத்தன நொட்டை சொல்ல மாட்டான்" என்று சிக்கந்தர் தலையில் அடித்துக்கொண்டார். ஜீப்பிலிருந்து தவமணி குரல் கொடுத்தாள். "அண்ணே, அந்த முள்ளு முள்ளா இருக்குல்ல பெருசு, அதையே போட்டு விடுங்க. இருக்கறதுலயே எது நல்லா பிடிக்குமோ அது. இவரு சொல்றதக் கேக்காதீங்க."

கேட்காதீங்களாமே. மொக்கராசுக்குச் சுருக்கென்றது. அவளுக்குத் தெரியும். அவள் முன்சீட்டில், ஒரு முழம் தள்ளித்தானே இருந்தாள்? தன் புருசனின் கை பிரேக்கை இழுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு ஊரில் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறாள், புருசன் மானம் போகக் கூடாதென்று. அவனிடம்கூடக் கேட்கவில்லை. கேட்காததுதான் அவனைத் தின்றது. அந்த ஐப்பசிக்குப் பிறகு வழுக்குப்பாறை வந்தால் அவள் இறங்கிவிடுகிறாள், வெயில் நாளிலும். "காலு மரத்துப்போச்சு, நடந்தே வாரேன்" என்பாள். அவள் இறங்கினால் பின்னால் இருக்கிறவர்களுக்கு என்ன தைரியம், அவர்களும் இறங்கிவிடுவார்கள். கோழியைக்கூடக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அவன் மட்டும் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு மேலே போய்க் காத்திருப்பான். அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு ஏறி வருவார்கள், அவன் பக்கத்தில் வந்ததும் பேச்சு நிற்கும். யாரும் ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. சொன்னால் சண்டையாவது போடலாம். சொந்தப் பெண்டாட்டியே உன் கையை நம்பவில்லை என்றால் அப்புறம் எதற்குடா உனக்கு நாலு டயர், பேசாமல் தேவாரத்துக்காரருக்குப் போன் போடு. போன் சட்டைப் பையில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தான். செருப்பு வேறு. அன்று அவள் கையில் கொடுத்த ரெண்டில் ஒன்று எப்படியோ பள்ளத்தில் போய்விட்டது, இன்னொன்று கிளட்ச்சுக்குப் பக்கத்தில் கிடந்தது. போனால் போகிறது, தோல் செருப்பு, காலுக்குப் பழகின செருப்பு. இந்த நேரத்தில் செருப்பு நினைப்பு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று நினைத்தான். ஆனால் நினைப்பு செருப்பை விட்டு நகரவில்லை. அவள் கையில் இருந்த செருப்பு எப்படிக் கீழே வந்தது?

"சரி, நீ எத வேணா யோசி, பழசக் கழட்டுற வேலையாச்சும் நடக்கட்டும்" என்று சிக்கந்தர் வேலையாளைக் கூப்பிட்டார். மீசைக்காரர் ஒருவர் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்து பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசல் லேசான சரிவு. வண்டி அசைந்தது. "தங்கச்சி, ஒரு கை குடும்மா. ஒம் பக்கத்துலதான இருக்கு, அந்த ஹேண்ட் பிரேக்க இழுத்து விட்டுட்டு எறங்கு" என்றார் சிக்கந்தர். தவமணி தீயில் கைபட்டவள் மாதிரி பையோடு சேர்த்து ரெண்டு கையையும் நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டாள். "நானா? யாத்தே, நான் தொடமாட்டேண்ணே. இனிமே அதத் தொடவே மாட்டேன், சாமி சத்தியமா." வேலையாள் ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினார். சிக்கந்தர் போன் வந்து உள்ளே போனார். மொக்கராசு மட்டும் நின்ற இடத்தில் நின்றான். இனிமே. இனிமே தொடமாட்டேன் என்றால்? வலது ஸ்டியரிங், இடது கியர். ஒரு கை குறைகிறதே, குறைகிறதே என்று எட்டு மாசமாகத் தேடின கை அங்கே ஜீப்புக்குள் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது, கண்ணாடி வளையல் போட்ட கை. செருப்பைக் கீழே போட்டுவிட்டு. அட, செருப்பு! மெதுவாக ஜீப்புக்குப் பக்கத்தில் போனான், வேகமாகப் போனால் அது இல்லை என்று ஆகிவிடும் போல.

"தவமணி" என்றான்.

அவள் ஏறிட்டுப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "கோவிச்சுக்காத மாமா" என்றாள். வீட்டில்தான் மாமா, வெளியில் ஏங்க. அது மறந்துவிட்டது அவளுக்கு.

"அன்னைக்கு நீயா இழுத்த?"

"ஆமா, என்னமோ புதுசாக் கேக்குற மாதிரி கேக்குற. நீதான பாத்த. நான் இழுத்ததப் பாத்துட்டு, ஊரு வந்து பாக்குறதுக்குள்ள உள்ள தள்ளிவிட்ட. நான் மரத்தடியிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்? பொண்டாட்டியக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு டயரு மேல பழியப் போட்டுக்கிட்டு வார, வார, வந்துக்கிட்டே இருக்க. ஒரு வார்த்த வையல. நீ வைஞ்சிருந்தாக்கூட ஆறியிருக்கும். வண்டி நேராத்தான மாமா எறங்குச்சு? நான்தான் பயந்து, கையில இருந்த செருப்பப் போட்டுட்டு அதப் பிடிச்சு இழுத்துட்டேன். இழுத்ததும் திரும்பிருச்சு. அத்தன பேரையும் நான்ல கொன்னிருப்பேன்."

"அதனாலதான் பாறையில எறங்குறியா?"

"பெறகு? மறுபடி கை போயிருச்சுன்னா? எங்கைய எனக்கே நம்ப முடியல."

மொக்கராசு ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். எங்கைய எனக்கே நம்ப முடியல. இந்த வார்த்தையை அவன் எத்தனை நாள் சுமந்தான்? ஒரே வீட்டில், ஒரே பாயில், அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அவளும் அதையே சுமந்திருக்கிறாள். அவன் அவளைப் பார்த்துப் பயந்தான், அவள் அவனைப் பார்த்துப் பயந்தாள், ஊர் டயரைத் திட்டிக்கொண்டிருந்தது. கோபம் வர வேண்டும், நியாயமாகப் பார்த்தால். எட்டு மாசம் உன்னால் நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா என்று ஒரு சத்தம் போடலாம். வாயைத் திறந்தான். சிரிப்புத்தான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "அடிப் பாவி, அந்தக் கை ஒங்கையா? நான் மூணாவது கை மொளச்சிருச்சோன்னுல பயந்துக்கிட்டிருந்தேன்!" அவள் புரியாமல் விழித்தாள். சொன்னான், எல்லாவற்றையும், முன்னுக்குப் பின்னாகச் சொன்னான், நான் ஒன்றும் உன்னைக் காப்பாற்றவில்லை, நான்தான் இழுத்தேன் என்று நினைத்துத்தான் தள்ளினேன், நீ பார்த்துவிட்டாய் என்று நினைத்து உன் முகத்தையே பார்க்காமல் திரிந்தேன் என்றான். அவள் பையாலேயே அவன் தோளில் ஒரு போடு போட்டாள். "ஒரு வார்த்த கேக்குறதுக்கு என்னய்யா ஒனக்குக் கேடு?" என்றாள். அதுவும் நியாயம்தான். ஒரு வார்த்தைதான். மழை விட்ட அன்றைக்கே கேட்டிருக்கலாம், அடுப்படியில் நின்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமா நீதான் இழுத்தாய் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த மீசைக்காரர் நிமிர்ந்து ரெண்டு பேரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். டயர் கடையில் அழுது சிரிக்கிற புருசன் பெண்டாட்டியை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்.

"மச்சான், அந்த நடு டயரு. ஆல் டெரைனு. நாலும் அதுதான்" என்று கடைக்குள் எட்டிச் சொன்னான். சிக்கந்தர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "பட்டன் சின்னது, ஓரச் சுவரு மெலிசுன்ன?" என்றார். "அது அப்ப" என்றான். தவமணி மட்டும் விடவில்லை, அந்த முள்ளு முள்ளா இருக்கறது என்றாள். மொக்கராசு அவளைக் கூட்டிப்போய்ப் பெரிய பட்டன் மேல் ஒரு கையையும் சின்னப் பட்டன் மேல் ஒரு கையையும் வைக்கச் சொன்னான். "எதுல கை முழுசாப் படுது?" அவள் ரெண்டையும் தடவிப் பார்த்து, "இதுலதான்" என்றாள், சின்னதைக் காட்டி. "பாறைக்கும் அப்படித்தான்" என்றான். தன் கையையும் பக்கத்தில் வைத்தான். கை சும்மா கை மாதிரிதான் இருந்தது. எத்தனை நாள் இதைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்திருப்பான். பாவம் இந்தக் கை, சொன்னதைச் செய்துவிட்டுக் கியரைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. பழைய டயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்று சுவரோரம் போய்ச் சாய்ந்தன. நாலும் மொட்டை, பட்டன் இருந்த தடம்தான் இருந்தது. சக்கரம் வெறுமனே சுற்றி இன்ஜின் நின்றது இவற்றால்தான். ஆக, டயரும் ஒன்றும் அறியாத பிள்ளை இல்லை. ஊர் சொன்னது பொய் இல்லை, பாதி மெய். அந்தப் பாதி அவனுக்குப் போதும் போல இருந்தது. புது ரப்பர் வாசம் மறுபடி வந்தது. ஆழ இழுத்தான். வெறும் ரப்பர் வாசம். மழை வாசமும் நாவல் இலை வாசமும் வரவில்லை. மேலே மலை உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. வைகாசிச் சாரல், இந்த வருசம் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும் போல. முன்பென்றால் பாறையைத்தான் நினைத்திருப்பான். இப்போது டீ குடிக்கலாம் என்று தோன்றியது. மூன்று டீ சொன்னான், பிறகு மீசைக்காரருக்கும் சேர்த்து நாலு.

திரும்பும்போது சந்தை முடிந்த பொம்பளைகள் வழக்கம்போல் பின்னால் ஏறினார்கள். வெள்ளத்தாய் போன பல்லின் ஓட்டை வழியாகப் புது டயரைப் பற்றி என்னென்னவோ கேட்டுக்கொண்டு வந்தாள். தார் ரோட்டில் புது டயர் கொஞ்சம் ஊளையிட்டது. அது ஒரு சத்தம், பழகிவிடும். வழுக்குப்பாறைக்கு முந்தின வளைவில் சாரல் பிடித்துக்கொண்டது. பாறை கறுப்பாக மினுங்கிக்கொண்டு எதிரே நின்றது. வண்டியை நிறுத்தினான். பின்னால் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தயாரானார்கள். தவமணி இறங்குவாளா? அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்கிற மாதிரி ஆகிவிடும், கேட்டு இறங்காமல் இருப்பது வேறு, தானாக இறங்காமல் இருப்பது வேறு. கடைக்கண்ணில் தெரிந்தாள், ஒரு காலை ஜீப்பின் அடித்தகட்டில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது கை பிரேக் கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, தொடை மேல் கிடந்தது. இறங்கப்போகிறாள் என்று நினைத்தான். அவள் சேலையைக் காலோடு சேர்த்து இடுக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். பின்னால் ஒரு முணுமுணுப்பு கேட்டது, அவளே எறங்கல, பெறகு நாம எதுக்கு, என்று யாரோ சொல்ல, பைகள் மறுபடி கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. மொக்கராசு குனிந்து செருப்பைக் கழற்றினான். எப்போதும் ரெண்டையும் சேர்த்துத்தான் கொடுப்பான். இன்றைக்கு ஒன்றை அவள் இடது கையில் வைத்தான், இன்னொன்றை வலது கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டான். "ரெண்டு கையிலயும் பிடி. கீழ போட்டன்னா பாரு, இது புதுச் செருப்பு" என்றான். அவளுக்குப் புரிந்தது, சிரிப்பு வந்தது, சிரிக்காமல் ரெண்டு செருப்பையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் போட்டான். வெறுங்கால் பெடலில் சில்லென்று பட்டது. வலது ஸ்டியரிங், இடது கியர், எல்லாக் கையும் அதனதன் இடத்தில் இருந்தது. பாறையில் முன்சக்கரம் ஏறியது, ஒரு தடவை பாசியை வழித்துவிட்டுப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் ஏறியது. இன்ஜின் இருமவில்லை. இடது பக்கம் ஒன்றுமில்லாத இடத்தில் மேகம் நின்றது, நாவல் மரம் வந்து பின்னால் போனது, வெள்ளத்தாய் எதையோ பாதியில் நிறுத்தினவள் மறுபடி பேச ஆரம்பித்தாள். மேலே போய்ச் சமதளத்தில் வண்டி நின்றதும் தவமணி மூச்சை விட்டாள்.

"இப்பக் கீழ வைக்கலாமா?" என்றாள், செருப்புகளைக் காட்டி.

"வீடு வரைக்கும் வச்சிரு" என்றான் மொக்கராசு.